சமயம் என்ன என்று கேட்டால்…

மலேசியாவில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்தக் கட்டம் புதிதல்ல. பள்ளியில் சேர, மருத்துவமனையில் படுக்க, வேலைக்கு மனுப் போட என்று எந்தப் பாரத்தை எடுத்தாலும் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, இனம் என்று வரிசையாக வந்து ‘அகாமா’ என்ற இடத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. இந்து, கிறிஸ்துவம், இஸ்லாம், புத்தம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

அந்த மலாய்ச் சொல்லே நம் வீட்டுச் சொல்தான். கோயிலை எப்படிக் கட்டுவது, பூசையை எப்படிச் செய்வது என்று சொல்லும் நூல்களை நாம் ஆகமம் என்கிறோம். அதே வடசொல் மலாய் மொழிக்குள் போய் எல்லாருடைய சமயத்துக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. கோயில் நூலின் பெயர், கோயிலே இல்லாதவர்களுக்கும் பொருந்தும்படி விரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் விரியலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் என் காலை நிகழ்ச்சியில், ‘சமயம் இல்லாமல் மனிதன் வாழ முடியுமா?’ என்று நேயர்களைக் கேட்டோம். தொலைபேசி ஓயவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து அழைத்த ஒருவர் அடித்துச் சொன்னார்: “சமயம் இல்லாதவன்னு உலகத்துல யாரும் இல்லைங்க. கடவுள் இல்லைங்கிறதும் ஒரு சமயந்தான். என் மகனுக்கு மென்செஸ்டர் யுனைடெட்தான் சமயம். சனிக்கிழமை ராத்திரி அவன் விரதம் இருக்கிற மாதிரி நான்கூட இருந்ததில்ல.” நிலையத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அடுத்து வந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. “என் வீட்டுக்காரர் எதையும் கும்பிடறதில்ல. அவர் பாட்டுக்கு ஒழுங்கா இருக்கார். அவரை ஏன் வலுக்கட்டாயமா ஒரு கட்டத்துக்குள்ள தள்றீங்க?” என்று கேட்டார். செய்தி நேரம் வந்துவிட்டது. பாட்டைப் போட்டு முடித்துக்கொண்டோம்.

அந்த அம்மாவின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. காரணம், 2019இல் எங்கள் குடும்பம் இதே கேள்விக்காக, நடுக்கூடத்தில் ஓர் உடலை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கேள்விக்குள் மூன்று

ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் கருத்துக்கணிப்புக் கேள்விகளை எப்படி அமைப்பது என்று ஒரு பாடம் உண்டு. அதன் முதல் விதி: ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கக் கூடாது. ‘எங்கள் உணவகத்தின் சுவையும் சேவையும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால், சுவை பிடித்து சேவை பிடிக்காதவர் என்ன பதில் எழுதுவார்?

‘உங்கள் சமயம் என்ன?’ என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் எதை நம்புகிறீர்கள்? நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதாவது விளக்கேற்றுகிறீர்களா, தொழுகிறீர்களா, விரதம் இருக்கிறீர்களா? மூன்றாவது, நீங்கள் யாருடைய ஆள்? நல்லது கெட்டது என்றால் எந்தக் கூட்டம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்?

பலருக்கு இந்த மூன்றுக்கும் ஒரே பதில் இருக்கும். அவர்களுக்குச் சிக்கல் இல்லை. மூன்றுக்கும் மூன்று பதில் வைத்திருப்பவர்கள்தான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஜோர்ஜ் டவுனிலேயே பாருங்கள். சுற்றுப்பயணிகளை நாம் பெருமையோடு அழைத்துப்போகும் தெரு, காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் என்று நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நான்கு கட்டடம், நான்கு சமயம் என்று வழிகாட்டி சொல்லி முடித்துவிடுவார்.

என் அம்மாவிடம் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வரும். வெள்ளிக்கிழமை மாரியம்மன். சூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் மாதாவுக்கு மெழுகுவத்தி. நான் எஸ்.பி.எம். எழுதிய ஆண்டு, சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன். அம்மா பாரத்தில் ‘இந்து’ என்றுதான் எழுதுகிறார். அது பொய்யில்லை. ஆனால் அது மூன்றாவது கேள்விக்கான பதில். அவர் யாருடைய ஆள் என்று அது சொல்கிறது. அவர் எங்கெல்லாம் கைகூப்புகிறார் என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி பாரத்தில் ‘புத்தம்’. வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு கூண்டு வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பவர் நாதுக் கோங், இந்த மண்ணின் காவல் தெய்வம். பெயரில் பாதி மலாய், ‘டத்தோ’. பல இடங்களில் அவருக்குச் சொங்கோக் வைத்திருப்பார்கள். வெற்றிலை பாக்கு, சாம்பிராணி படைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் ஆகாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் வரும் வழியில் ஆண்ட்டியின் குடும்பம் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிறது. நாதுக் கோங்குக்கும் முருகனுக்கும் சேர்த்து எந்தக் கட்டம் இருக்கிறது?

நம் தோட்டப்புறத்து முனியாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பால்மரக் காட்டின் எல்லையில் ஒரு மரம், ஒரு சூலம், ஒரு சுருட்டு. புத்தகம் கிடையாது, நிறுவியவர் கிடையாது, கொள்கை விளக்கம் கிடையாது. ‘அதெல்லாம் சமயமா?’ என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஆனால் கப்பலேறி வந்து காட்டை அழித்த மனிதர்களுக்கு, இருட்டில் மரம் சீவப் போகும் துணிச்சலை அந்த மரத்தடிதான் கொடுத்தது. சமயம் என்றால் புத்தகமும் பெருங்கட்டடமும் வேண்டும் என்று விதி வைத்தால், முதலில் வெளியே போவது நம் பாட்டன் பூட்டன் கும்பிட்ட சாமிதான்.

எதிர்க்கரையில் நடந்தது

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பதற்கு மலாக்கா நீரிணையின் எதிர்க்கரையே சாட்சி. இந்தோனேசியாவில் அரசு ஏற்றுக்கொண்ட சமயங்கள் ஆறு: இஸ்லாம், புரோட்டஸ்டண்ட், கத்தோலிக்கம், இந்து, புத்தம், கன்பூசியம். கடவுள் ஒருவர் என்ற நம்பிக்கை அந்நாட்டின் பஞ்சசீலக் கொள்கையில் முதலாவது. அதனால் பாலித் தீவு மக்கள் தங்கள் வழிபாட்டைச் ‘சமயம்’ என்று ஏற்கவைக்கவே போராட வேண்டியிருந்தது. எங்கள் எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே ஒரே பரம்பொருள் உண்டு என்று எடுத்துச் சொல்லி, 1950களின் இறுதியில்தான் ‘இந்து’ என்ற அங்கீகாரத்தைப் பெற்றார்கள். மேடானில் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயிலில் கும்பிடும் நம் தமிழர்களும் அந்தப் பெயரின் கீழ்தான் வருகிறார்கள்.

போர்னியோவின் டாயாக் மக்களில் ஒரு பகுதியினருடைய முன்னோர் வழிபாட்டுக்குக் கஹாரிங்கான் என்று பெயர். ஆறில் ஒன்றாக இல்லாததால் அது நெடுங்காலம் சமயமாகவே எண்ணப்படவில்லை. 1980இல் ‘இந்து கஹாரிங்கான்’ என்று இந்து சமயத்தின் கீழ் சேர்ந்துகொண்ட பிறகுதான் அதற்கு ஒரு கட்டம் கிடைத்தது. இந்தியாவையே பார்க்காத மக்கள், ஒரு பாரத்தை நிரப்புவதற்காக இந்து ஆனார்கள். வேறு பல குடிகளின் நம்பிக்கைக்காரர்கள் அடையாள அட்டையில் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டியிருந்தது. அது வெறுமையாக இருந்தால் திருமணப் பதிவிலிருந்து வேலை வரைக்கும் தொல்லை. 2017 நவம்பரில்தான் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அவர்களுடைய நம்பிக்கையையும் அங்கே குறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

எது சமயம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஒரு மேசைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மனிதர்கள் தாங்கள் இருப்பதைச் சொல்வதை விட்டுவிட்டு, மேசையில் இருப்பதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே அரசின் கலாசார முகமை ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2019 இறுதிக் கணக்கில் சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று வந்த எண்ணிக்கை 180 மில்லியனுக்கும் மேல். மக்கள் தொகையோ சுமார் 126 மில்லியன்தான். எப்படி? சமய அமைப்புகள் தங்கள் ஆட்களைத் தாங்களே எண்ணிக் கொடுக்கின்றன. ஊர் ஷிந்தோ கோயில் அந்த வட்டாரத்து மக்களையெல்லாம் தன் ஆள் என்கிறது. குடும்பச் சவ அடக்கம் நடக்கும் புத்த மடமும் அதே ஆட்களைத் தன் ஆள் என்கிறது. ஆனால் தனித்தனியாக வீட்டுக்கதவைத் தட்டி ‘உங்களுக்குச் சமயம் உண்டா?’ என்று கேட்கும் கணிப்புகளில் பெரும்பாலோர் ‘இல்லை’ என்கிறார்கள். ஒரே மக்கள்தான். யாரிடம் கேட்கிறோம், எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறிவிடுகிறது.

நம் நாட்டில் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘சமயம் இல்லை’ என்று பதிவானவர்கள் 0.7 விழுக்காடு. ஆள் கணக்கில் சுமார் 2 இலட்சம். ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து பதில் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

மணிமேகலை கேட்ட பாடம்

பட்டர்வொர்த் நேயர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தமிழிலிருந்தே எடுத்துக்காட்டலாம். மணிமேகலையில் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ என்று ஒரு பகுதி உண்டு. வஞ்சி நகரத்தில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், சமணரான நிகண்டவாதி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த வரிசையில் பூதவாதியும் பேசுகிறான். ஐம்பூதங்கள் கூடினால் உயிர், பிரிந்தால் ஒன்றுமில்லை, மறுபிறப்பு என்பதெல்லாம் கிடையாது என்ற கட்சிக்காரன். இன்றைய பேச்சில் நாத்திகன். அவனையும் சமயக்கணக்கர் வரிசையில்தான் வைத்திருக்கிறது அந்தக் காப்பியம்.

அந்தக் காலத்துத் தமிழில் சமயம் என்றால் ஒருவர் எடுத்துக்கொண்ட கொள்கை, அவர் நிற்கும் இடம். அந்தப் பொருளில் எல்லாருக்கும் ஒரு சமயம் உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம். சமணத்திலும் பௌத்தத்திலும் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. அவை சமயங்கள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வள்ளலாரோ கடவுளை உருகி உருகி நினைத்தவர், சமயங்களை வேண்டாம் என்றவர். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் சோறு போடுவதற்கு யாருடைய சமயத்தையும் கேட்பதில்லை. ஆக, கடவுள் இல்லாத சமயமும் உண்டு, சமயம் வேண்டாத கடவுள் நம்பிக்கையும் உண்டு.

ஆனால் இன்றைய பாரத்தில் இருக்கும் கட்டம் மணிமேகலையின் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் ‘உன் கொள்கை என்ன?’ என்று கேட்டு, பதிலை உட்கார்ந்து கேட்டாள். பாரம் ‘நீ எந்தப் பிரிவு?’ என்று கேட்கிறது. பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம். மற்றவர்களின் திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டரசு அரசமைப்பின் 11ஆவது பிரிவு சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் சமயம் என்ற சொல்லுக்கு அது விளக்கம் எதுவும் தரவில்லை. அந்த இடத்தை நாம்தான் ஒவ்வொரு வீட்டிலும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

பெரியப்பா

எங்கள் வீட்டில் அதை நிரப்ப மறுத்தவர் என் பெரியப்பா.

பெரியார் முதன்முதலாக மலாயாவுக்கு வந்தது 1929 டிசம்பரில். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து அவர் இறங்கிய துறைமுகம் எங்கள் பினாங்கு. 1954இன் இறுதியில் மறுபடியும் மலாயா வந்தார். பெரியப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. தாத்தாவோடு போய் அவர் பேச்சைக் கேட்டதைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கணக்கர் வேலை பார்த்தார். 1969இல் ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, உறுதிமொழி படித்துத் திருமணம் செய்துகொண்டார். தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டம்தான் இத்தகைய சுயமரியாதைத் திருமணங்களுக்கு அங்கே சட்டத் தகுதி கொடுத்தது. அது எந்தச் சட்டத்தில் செய்த திருத்தம் தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தில். சடங்கு வேண்டாம் என்றவர்களின் திருமணமும் ‘இந்து’ என்ற கூரைக்குக் கீழேதான் செல்லுபடியானது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் பெரியப்பா. “வெளிய போற கதவையும் வீட்டுக்குள்ளயே வச்சுட்டாங்கடா.”

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தேசியக் கோட்பாடு சொல்லும்போது எழுந்து நிற்பார். ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’ என்ற முதல் கோட்பாட்டின்போது வாய் மூடியிருக்கும். மற்ற நான்கையும் எல்லாரைவிடவும் உரக்கச் சொல்வார்.

பெரியம்மா நேர் எதிர். காலையும் மாலையும் விளக்கு, செவ்வாய் வெள்ளி விரதம், தைப்பூசத்துக்குப் பால்குடம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெரியப்பாதான் அவரைத் தண்ணீர்மலைக்கு அழைத்துக்கொண்டு போவார். புதுக்கோயில் 2012இல் திறந்த பிறகு 513 படி. பெரியம்மா ஏறுவார். பெரியப்பா கீழே ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். “சாமி இல்லைங்கிறீங்க, இங்க என்ன வேலை?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “சாமிக்கா ஊத்துறேன்? கால் சுடுதுன்னு வர்றவனுக்கு ஊத்துறேன்” என்றார்.

2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதியும் சமயமும் இல்லாதவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கிய செய்தி வந்தது. பெரியப்பா அதைத் தாளிலிருந்து வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.

உடல் கூடத்தில் இருந்தது. ஈமச்சடங்கு ஏற்பாடு செய்பவர் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். “எந்த முறைண்ணே? ஐயர் வேணுமா, ஓதுவார் போதுமா?”

அப்பா, “சைவ முறை. தேவாரம் பாடணும்” என்றார்.

அக்கா, அதாவது பெரியப்பா மகள், எழுந்துவிட்டார். “சித்தப்பா, எழுபத்தாறு வயசு வரைக்கும் அவர் சொன்னதை ஒரே நாள்ல பொய்யாக்காதீங்க.”

“என் அண்ணன் நாதியில்லாத பொணமாப் போகணுமா?” அப்பாவின் குரல் உடைந்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தில் அப்பா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் எதை நம்பினார் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதை அவர் மறுக்கவே இல்லை. அவர் பயந்தது மூன்றாவது கேள்விக்கு. தேவாரம் இல்லாமல் அனுப்பினால் அண்ணனுக்கு ஆள் இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். அக்கா பேசியது முதல் கேள்வியை. இரண்டு பேரும் சண்டை போட்டது பெரியப்பா மேல் இருந்த பாசத்தால்தான். ஆனால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், “நீங்க சொல்லுங்க பெரியம்மா” என்றேன். அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, தேவாரம் அவருக்கு வேணாம். எனக்கு வேணும். அவர் இந்த வாசலைத் தாண்டுற வரைக்கும் யாரும் பாட வேணாம். அவர் போனப்புறம் நான் உள்ள உக்காந்து பாடிக்கிறேன். அம்பது வருஷம் இப்படித்தானே இருந்தோம்?”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஏற்பாட்டாளர் மட்டும் தயங்கி நின்றார். சவ வண்டியின் கண்ணாடியில் ஓம் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. “அதை உரிச்சுடலாம்ணே, வேற ஸ்டிக்கர் இருக்கு, அப்புறம் ஒட்டிக்கலாம்” என்றார். சுரண்டி எடுத்தார். பெரியப்பாவின் பழைய தோழர்கள் பத்துப் பதினைந்து பேர் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்கள். ஒருவர் இரங்கல் பேசினார். அப்பா அவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது.

ஒட்ட வேண்டாம், பிடுங்க வேண்டாம்

இப்போது பட்டர்வொர்த் நேயருக்குப் பதில் சொல்லலாம். கால்பந்து ஏன் சமயம் ஆகாது? விரதம் இருக்கலாம், பாட்டுப் பாடலாம், ஒரே நிறச் சட்டை போடலாம். ஆனால் மென்செஸ்டர் யுனைடெட் நம் வீட்டுப் பிணத்தைத் தூக்க வராது. பிறப்பு, திருமணம், சாவு என்று மனிதன் தனியாகத் தாங்க முடியாத இடங்களில் வந்து நிற்பது சமயம் செய்யும் பெரிய வேலை.

‘அப்படியானால் கறுப்புச் சட்டைத் தோழர்கள் வந்து நின்றார்களே, அதுவும் சமயந்தானே?’ என்று கேட்பீர்கள். சமயம் செய்யும் ஒரு வேலையை அவர்கள் செய்தார்கள், உண்மை. அம்மா ஊரில் இல்லாதபோது சித்தி தலைவாரிச் சோறு போட்டு அனுப்புகிறார். அம்மாவின் வேலையைச் செய்ததால் சித்தி அம்மா ஆகிவிடுவதில்லை. அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேருக்குமே வருத்தம்தான் வரும்.

‘எல்லாருக்கும் ஒரு சமயம் உண்டு’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். நீயும் எங்களில் ஒருவன் என்று அணைத்துக்கொள்ளும் பேச்சு அது. ஆனால் அணைப்பவரின் பலத்தில் எதிராளியின் சொல் நசுங்கிவிடக் கூடாது. இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் மேல் ‘இல்லை என்பதே உன் சமயம்’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவதும், மரத்தடி முனியாண்டியைப் பார்த்து ‘இது சமயமே இல்லை’ என்று பெயரைப் பிடுங்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் சம்பந்தப்பட்டவரை நாம் கேட்கவே இல்லை.

அரசாங்கத்துக்கு ஒரு கட்டம் தேவைப்படலாம். சட்டம் நடக்கவும் பள்ளி நடக்கவும் அது வேண்டியிருக்கிறது. வீட்டில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டில் மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்கலாம். என்ன நம்புகிறீர்கள், என்ன செய்யப் பிடிக்கும், யார் வந்து நிற்க வேண்டும்? மூன்றாவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பெரியம்மா மாதிரி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. உடலைக் கூடத்தில் வைத்துக்கொண்டு கேட்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு கேட்பது எல்லாருக்கும் நல்லது.

போன மாதம் என் வீட்டில் கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. “தேவாரம் வேணும், மைக் வேணாம்” என்றார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. செயின்ட் ஆன் மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.